கோடையில் குறைவு, குளிரில் கூடுதல்: சிறு ராக்கெட்டுகளுக்கான பறத்தல் கணிப்பு மென்பொருளை எப்படிச் சோதிப்பது?

கேள்வி | பதிவிட்டவர்: மேப்பிள்நிழல்

அனைவருக்கும் வணக்கம். கனடாவில், ஒன்டாரியோ ஏரிக்கரைக்கு அருகில் வசிக்கிறேன். இங்குள்ள ராக்கெட் கழகம் அனுமதி பெற்று நடத்தும் ஏவுநாட்களில் சிறு ராக்கெட்டுகளைப் பறக்கவிடுவதுடன், அவற்றின் பறத்தலை முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள் ஒன்றையும் பைத்தானில் எழுதி வருகிறேன். ஓப்பன்ராக்கெட், ராக்கெட்பை போன்ற நல்ல இலவச மென்பொருள்கள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பறத்தலின் இயற்பியலை ஒவ்வொரு சமன்பாடாகக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை என்பதே காரணம்.

மென்பொருள் மூன்று நகர்வுகளையும் மூன்று சுழற்சிகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. காற்றின் பக்கவிசை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளத்தக்க புள்ளியான அழுத்த மையத்தை பாரோமன் முறைப்படியும், காற்றின் இழுவையை உராய்வு, அடிப்பகுதியில் உண்டாகும் குறையழுத்தம், துடுப்புகளின் முன்விளிம்பு என்று பகுதி பகுதியாகக் கூட்டியும் எடுக்கிறேன். மோட்டாரின் உந்துவிசை வரைபடத்தை எல்லோரும் பயன்படுத்தும் ராஸ்ப் வடிவக் கோப்பிலிருந்து படிக்கிறேன். காற்றடர்த்தியை அன்றைய வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடுகிறேன்.

சோதனை ராக்கெட்டின் விட்டம் 24.8 மி.மீ., மோட்டாருடன் சேர்த்து எடை 95 கிராம். மோட்டார் எஸ்டஸ் நிறுவனத்தின் சி6-7 (சி என்பது மோட்டாரின் ஆற்றல் வகுப்பு, 6 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை, 7 என்பது பாராசூட்டைத் தள்ளும் முன் விடும் தாமதம், விநாடியில்). மேற்சொன்னபடி கூட்டினால் இழுவையின் அளவைக் குறிக்கும் எண்ணான இழுவைக் கெழு 0.6 வருகிறது, அதைக் கொண்டு 30 டிகிரி செல்சியஸ் கோடை நாளுக்குக் கணித்தால் உச்ச உயரம் 255 மீட்டர். ஆனால் ராக்கெட்டினுள் வைத்த அழுத்தவகை உயரமானி அப்படிப்பட்ட நாட்களில் 240 மீட்டரை ஒட்டியே காட்டியது. வண்ணப்பூச்சின் சொரசொரப்பு, ஏவும்போது ராக்கெட்டை நேராகத் தாங்கும் ஏவுகம்பியில் செருகும் வளையம் ஆகியவற்றைக் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்று கருதி, கெழுவை 0.7 ஆக உயர்த்தினேன். கணிப்பு உயரமானியுடன் ஒத்துப்போனது.

சிக்கல் குளிர்காலத்தில் வந்தது. அதே ராக்கெட், அதே வகை மோட்டார், காற்றில்லாத நாள், வெப்பநிலை மைனஸ் 10. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. ஆகையால் ராக்கெட் தாழ்வாகவே போகவேண்டும், மென்பொருளும் 230 மீட்டர் என்றே கணிக்கிறது. உயரமானியோ 265 மீட்டரை ஒட்டிக் காட்டுகிறது. அடர்த்தி கூடிய காற்றில் ராக்கெட் எப்படிக் கூடுதல் உயரம் போகும்? இரு பருவத்துக்கும் இரு இழுவைக் கெழு வைத்துக்கொள்வது அறிவுடைமையாகத் தோன்றவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. பறத்தலைச் சிறு நேரப்படிகளாகப் பிரித்து, நான்காம் வரிசை ருங்கே-குட்டா என்ற எண்முறையில் தொகையிடுகிறேன். படிநேரத்தைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காகக் குறையவேண்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. என் மென்பொருளில் பிழை சில வேளை நாலில் ஒன்றாகவும் சில வேளை பாதியாகவும்தான் குறைகிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்றும் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மறுமொழி | நீலவானம்

நண்பருக்கு வணக்கம். இவ்வளவு விவரங்களுடன் கேட்டிருப்பதால் நேரடியாகச் செய்திக்கே வரலாம். தங்கள் ராக்கெட் குளிர்காலத்தில் கூடுதல் உயரம் போகவில்லை என்றே நினைக்கிறேன். உயரமானிதான் அப்படிச் சொல்கிறது.

அழுத்தவகை உயரமானி உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. அழுத்தத்தை உயரமாக மாற்றுவதற்கு, பெரும்பாலான சிறு உயரமானிகளின் நிரலில் ஒரே சூத்திரம்தான் இருக்கும்: 44330-ஐ, ஒன்றிலிருந்து அழுத்த விகிதத்தின் 0.19 அடுக்கைக் கழித்து வரும் எண்ணால் பெருக்குவது. அந்த 44330 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதை 0.0065-ஆல் பெருக்கினால் 288.15 கிடைக்கும். கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், மேலே செல்லச் செல்ல மீட்டருக்கு 0.0065 டிகிரி குறைவு என்ற திட்ட வளிமண்டலம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. தங்கள் திடலில் அன்று எத்தனை டிகிரி இருந்தாலும் உயரமானிக்கு அது 15 டிகிரி நாள்தான்.

வெப்பமான காற்று விரிந்திருக்கும். அதே அழுத்தக் குறைவைக் காண ராக்கெட் கூடுதல் உயரம் ஏறவேண்டும். எனவே கோடையில் உயரமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், குளிரில் கூட்டிக் காட்டும். திருத்தம் எளியது: அன்றைய காற்றின் வெப்பநிலையை கெல்வினில் எடுத்து, அதே மட்டத்துக்குரிய திட்ட வெப்பநிலையால் வகுத்து, வரும் விகிதத்தால் காட்டிய உயரத்தைப் பெருக்கவேண்டும். 30 டிகிரி நாளுக்கு இது ஏறத்தாழ 1.05. மைனஸ் 10 நாளுக்கு ஏறத்தாழ 0.915.

தங்கள் எண்களில் இதைப் போட்டுப் பார்த்தேன். கோடையின் 240 மீட்டர் 252 ஆகிறது. குளிரின் 265 மீட்டர் 242 ஆகிறது. அடர்த்தி மிகுந்த காற்றில் ராக்கெட் தாழ்வாகத்தான் போயிருக்கிறது. கெழுவைப் பழையபடி 0.6 என்று வைத்துக் குளிர்நாளுக்குக் கணித்துப் பாருங்கள். நான் கையால் போட்ட தோராயக் கணக்கில் 244 வருகிறது. கூறு கூறாகக் கூட்டி எடுத்த தங்கள் முதல் மதிப்பு இரு பருவத்துக்கும் நெருங்கிப் பொருந்துகிறது.

திருத்தத்துக்கு எந்த வெப்பநிலையை எடுப்பது என்பதில் கவனம் தேவை. உயரமானியின் சில்லிலேயே ஒரு வெப்ப உணரி இருப்பதால் அதன் அளவையே எடுத்துவிட ஆசை வரும். ஏவுமேடையில் வெயிலில் நிற்கும் ராக்கெட்டின் உள்ளறை வெளிக்காற்றைவிட மிகுதியாகச் சூடாகிவிடும். குளிர்காலத்திலோ காருக்குள்ளிருந்து எடுத்து வந்த கதகதப்பு அதில் தங்கியிருக்கும். நிழலில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் அளந்த காற்றின் வெப்பநிலையே வேண்டும்.

அடுத்து, மென்பொருளின் அமைப்பைப் பற்றி ஒரு கருத்து. உயரமானியின் அளவைத் திருத்தி மென்பொருளின் உயரத்துடன் ஒப்பிடுவதைவிட, மென்பொருளையே உயரமானியின் மொழியில் பேசவைப்பது நல்லது. பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் அன்றைய வளிமண்டலத்தின்படி அழுத்தம் என்ன என்று கணக்கிட்டு, அதே 44330 சூத்திரத்தின் வழியாகச் செலுத்தி, 'உயரமானி இதைக் காட்டும்' என்று கணிக்கச் செய்யுங்கள். கருவியும் மாதிரியின் ஓர் உறுப்பாகிவிடும். அதன் பிறகு வரும் வேறுபாடு இயற்பியலின் வேறுபாடாக மட்டுமே இருக்கும். கருவியின் பழக்கம் இழுவைக் கெழுவுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

முடியுமானால் அழுத்தத்தையே சாராத ஓர் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கப் போட்டிகளில், சிறு மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்பு, அளந்த இடைவெளியில் இரண்டு கோணமானிகளை நிறுத்தி, இரு இடத்திலிருந்தும் எடுத்த கோணங்களைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுவார்கள். இரு நிலையங்களின் விடைகளும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால்தான் அளவை ஏற்பார்கள். 250 மீட்டர் உயரத்துக்கு அந்த முறை இன்றும் போதுமானது. வெப்பநிலை அதைத் தொடுவதில்லை.

---

மறுமொழி | யாழினி_கணிதம்

உயரமானி பற்றி நீலவானம் சொன்னதில் சேர்க்க எதுவுமில்லை. இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், இதைத் தீர்க்காமல் முதலாவதை முழுமையாகத் தீர்த்ததாகச் சொல்ல முடியாது. எழுதிய சமன்பாடுகளைக் கணினி பிழையின்றித் தீர்க்கிறதா என்பதை முதலில் நிலைநிறுத்தவேண்டும். அந்தச் சமன்பாடுகள் ராக்கெட்டுக்குப் பொருந்துகின்றனவா என்று வானத்தைக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

நான்காம் வரிசை முறை பதினாறில் ஒன்று என்ற வீதத்தைத் தரவேண்டுமானால், தொகையிடப்படும் சார்பு ஒவ்வொரு படிக்குள்ளும் வழுவழுப்பாக இருக்கவேண்டும். ராஸ்ப் கோப்பில் உள்ளவை நேரம், உந்துவிசை என்ற இணைகள். அவற்றுக்கிடையே நேர்கோடு போட்டு இடைமதிப்பு எடுக்கிறோம். ஒவ்வொரு புள்ளியிலும் சரிவு சட்டென மாறுகிறது. அப்படியொரு முறிவு ஒரு படியின் நடுவே விழுந்தால், அந்தப் படியின் பிழை படிநேரத்தின் இரண்டாம் அடுக்குக்கு இறங்கிவிடும். நாலில் ஒன்று அங்கிருந்து வருகிறது. உந்துவிசையோ வேறொரு விசையோ ஒரேயடியாகத் தாவும் இடங்கள் இன்னும் மோசமானவை. ஏவுகம்பியை விட்டு ராக்கெட் நீங்கும் கணத்தில், அதுவரை கம்பி தாங்கிய பக்கவிசை சட்டென மறைந்துவிடுகிறது. அத்தகைய தாவல் படியின் நடுவே விழுந்தால் பிழை பாதியாகத்தான் குறையும்.

தீர்வு, படிகளை முறிவுகளில் முடித்துத் தொடங்குவது. கோப்பிலுள்ள நேரங்கள் முன்பே தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு படி முடியும்படி படிநேரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். கம்பியை நீங்கும் கணம் முன்பே தெரியாது. அதை ஒரு நிகழ்வாகக் கருதி, படிக்குள் எந்தக் கணத்தில் கடந்த தொலைவு கம்பியின் நீளத்தை எட்டுகிறது என்று சமன்பாட்டின் மூலத்தைக் காணும் எண்முறையால் கண்டு, அங்கே நிறுத்தி, புதிய சமன்பாடுகளுடன் தொடரவேண்டும். இதைச் செய்தபின் பதினாறில் ஒன்று திரும்பி வரவேண்டும். வரவில்லையென்றால் நிரலில் வேறெங்கோ வழு இருக்கிறது என்று பொருள்; இந்தச் சோதனையின் பெரும்பயனே அதுதான்.

தெரிந்த விடையுள்ள கணக்குகளையும் சோதனைத் தொகுப்பில் வையுங்கள். உந்துவிசை, நிறை, அடர்த்தி மூன்றும் மாறாது எனக் கொண்டால், இழுவையுடன் நேர்மேலே செல்லும் ராக்கெட்டுக்கு மூடிய வடிவத் தீர்வு உண்டு. ஃபெஸ்கென்ஸ், மாலெவிக்கி ஆகிய இருவரின் பெயரால் ராக்கெட் ஆர்வலர்கள் 1960-களிலிருந்தே அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். மோட்டார் அணைந்தபின் ஏறும் உயரத்துக்கு அது தரும் விடை இப்படி: அடர்த்தி, இழுவைக் கெழு, குறுக்குப்பரப்பு மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கி வருவதை 'க' என்போம். நிறையை 2க-வால் வகுத்து, அதை இயல்மடக்கை (1 + க × வேகவர்க்கம் ÷ எடை)-ஆல் பெருக்கவேண்டும்; எடை என்பது இங்கே நிறை × ஈர்ப்பு முடுக்கம். தங்கள் ராக்கெட்டுக்கே போட்டுப் பாருங்கள். மோட்டார் அணைந்தபின் நிறை 0.084 கிலோ, அணையும்போது வேகம் விநாடிக்கு 73 மீட்டர், அடர்த்தி 1.164, கெழு 0.6 என்றால் விடை 184 மீட்டர். தங்கள் நிரல் இந்த நிலையிலிருந்து தொடங்கி 184 தரவில்லையென்றால் மேலே போகவேண்டாம்.

நிறை குறைந்துகொண்டே வரும் பகுதியில் பலர் ஓரிடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். உந்தத்தின் மாறுவீதம் என்ற சமன்பாட்டை விரித்து, நிறைக்குறைவு வீதத்தை வேகத்தால் பெருக்கி ஒரு தனி விசையாக மீண்டும் சேர்த்துவிடுவார்கள். வெளியேறும் வாயுவின் உந்தம் முழுவதும் உந்துவிசை வரைபடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அப்போதைய நிறையால் மொத்த விசையை வகுத்தால் போதும். வெற்றிடத்தில் மாறா உந்துவிசையுடன் ஒரு சோதனை ஓட்டி, இறுதி வேகத்தைச் சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாட்டிலிருந்து ஈர்ப்பின் பங்கைக் கழித்து வரும் விடையுடன் ஒப்பிட்டால் இந்த வழு உடனே வெளிப்படும்.

திசையைக் குறிக்க ஆய்லர் கோணங்கள் என்ற மூன்று கோணங்களைப் பயன்படுத்துகிறீர்களா, நாற்கணியம் என்ற நான்கு எண்களின் தொகுதியையா என்று சொல்லவில்லை. விமானங்களுக்குரிய வழக்கமான கோண வரிசை, மூக்கு நேர்மேலே நோக்கும்போது பொருளிழந்துவிடும். விமானத்துக்கு அது அரிய நிலை, நமக்கோ ஏவுமேடையில் நிற்கும் நிலையே அதுதான். ஆகையால் நாற்கணியமே ஏற்றது, ஒவ்வொரு படியிலும் அதன் நீளத்தை மீண்டும் ஒன்றாக்கிக்கொள்ளவேண்டும்.

---

மேப்பிள்நிழல் எழுதியது:

நீலவானம் அவர்களுக்கும் யாழினி அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உயரமானியின் கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உயரம் திட்ட வளிமண்டலத்தின்படி கணக்கிடப்படுகிறது என்று அதில் தெளிவாகவே அச்சிட்டிருக்கிறது. மென்பொருள் இப்போது அழுத்தத்தைக் கணித்து அதே சூத்திரத்தின் வழியாக மாற்றுகிறது. கெழுவை 0.6-க்கே திருப்பியபின், கோடைக்கு 242, குளிருக்கு 267 என்று கணிக்கிறது. அளந்தவை 240-ஐயும் 265-ஐயும் ஒட்டியவை. படிகளை உந்துவிசைப் புள்ளிகளில் முடித்துத் தொடங்கியதும் பிழை பதினாறில் ஒன்று என்ற வீதத்தில் இறங்குகிறது. நாற்கணியத்தையே பயன்படுத்துகிறேன்.

ஓப்பன்ராக்கெட்டிலும் இதே ராக்கெட்டை வரைந்து ஓட்டிப் பார்த்தேன். என் மென்பொருளின் விடைக்கு மிக அருகிலேயே அதன் விடையும் இருக்கிறது. அப்படியானால் மென்பொருள் செல்லத்தக்கது என்று கழகத்தாருக்குச் சொல்லிவிடலாமா? அடுத்து, சி-யைவிட ஒரு வகுப்பு பெரிய டி மோட்டார்களுக்குப் போக எண்ணுகிறேன்.

---

மறுமொழி | கொங்குநாட்டான்

இல்லை, இன்னும் சொல்ல முடியாது. இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஓப்பன்ராக்கெட்டுடன் ஒத்துப்போவது நிரலில் தட்டச்சுப் பிழைகள் இல்லை என்பதற்கு நல்ல சான்று, அவ்வளவே. அழுத்த மையத்துக்கு அதுவும் ஜேம்ஸ் பாரோமன் 1966, 67-ஆம் ஆண்டுகளில் எழுதிய முறையின் விரிவையே பயன்படுத்துகிறது. இழுவையையும் தங்களைப்போலவே பகுதி பகுதியாகக் கூட்டுகிறது. ஒரே அனுமானங்களில் பிறந்த இரு கணக்குகள் சேர்ந்தே தவறலாம். ஓப்பன்ராக்கெட்டை எழுதிய சாம்போ நிஸ்கானென், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2009-இல் அளித்த முதுகலை ஆய்வேட்டில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்: சிறு ராக்கெட்டின் உண்மையான பறத்தல்களுடன் ஒப்பிட்டபோது அவருடைய மென்பொருளும், ஒப்புநோக்க அவர் எடுத்துக்கொண்ட வணிக மென்பொருளும், இரண்டுமே உயரத்தைக் கூட்டித்தான் கணித்தன. தம் மென்பொருளின் பிழையை எண்ணாகவே அச்சிட்ட அந்த நேர்மைக்காக அந்த ஏட்டின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டாவது, தாங்கள் ஒப்பிடுவது உச்ச உயரம் என்ற ஒரே எண். அந்த எண்ணைப் பல வழிகளில் எட்டலாம். சி6 மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையை எரியும் நேரம் முழுவதும் கூட்டினால் வருவது) சான்றளிப்புச் சோதனையில் சுமார் 8.8 நியூட்டன்-விநாடி, ஆனால் கருமருந்து மோட்டார்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. தங்கள் ராக்கெட்டுக்குத் தோராயமாகக் கணக்கிட்டேன். கணத்தாக்கு ஐந்து சதவீதம் கூடினால் உச்ச உயரம் ஏழு சதவீதம், அதாவது சுமார் 18 மீட்டர் கூடுகிறது. இழுவைக் கெழுவை 0.6-இலிருந்து 0.7-க்கு மாற்றினால் குறைவதோ சுமார் 12 மீட்டர்தான். ஒரு மோட்டாருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இயல்பான வேறுபாடே, தாங்கள் திருத்த முயன்ற கெழு வேறுபாட்டை விழுங்கிவிடும். உயரத்தை மட்டும் வைத்துக் கெழுவைத் தீர்மானிக்க இயலாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு, அழகான வழி. ராக்கெட்டின் நீள்அச்சில் ஒரு முடுக்கமானியை வையுங்கள். முடுக்கமானி ஈர்ப்பை உணராது. ராக்கெட்டின்மீது காற்றும் மோட்டாரும் செலுத்தும் விசையை மட்டுமே நிறையால் வகுத்துக் காட்டும். மோட்டார் அணைந்த பிறகு எஞ்சியிருப்பது காற்று மட்டும். அதனால் அந்தச் சில விநாடிகளில் முடுக்கமானி காட்டும் எண்ணை நிறையால் பெருக்கினால் இழுவை விசை அப்படியே கையில் கிடைத்துவிடும். தங்கள் ராக்கெட்டுக்கு விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில், கெழு 0.6 என்றால், மானி 7.2 மீ/வி² காட்டவேண்டும், 0.7 என்றால் 8.4. மோட்டார் எவ்வளவு தள்ளியது என்பது இந்தக் கணக்குக்குள் நுழைவதே இல்லை. மோட்டார் எரியும் பகுதியிலிருந்து, அப்போதைய இழுவையையும் சேர்த்துக்கொண்டு, உண்மையான கணத்தாக்கைத் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. சி6-இன் உச்ச உந்துவிசை சுமார் 14 நியூட்டன். 95 கிராம் ராக்கெட்டில் அது ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் பதினைந்து மடங்கு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் முடுக்கமானிகள் பல பதினாறு மடங்கு வரைதான் அளக்கும். அதிர்வும் சேர்ந்தால் உச்சி வெட்டுப்பட்டு, கணத்தாக்கு குறைவாகத் தெரியும். டி மோட்டாருக்குப் போகும் முன் 200 மடங்கு வரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்375 போன்ற ஒன்றுக்கு மாறுங்கள். ஆனால் வீச்சு பெரிதான உணரிக்கு நுணுக்கம் குறைவு, மெல்லிய இழுவையை அது நன்றாகப் பிடிக்காது. ஆகவே பலர் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள். உணரியின் பூச்சியப் பிழையை, ஏவும் நாளன்றே, ராக்கெட்டை நேராக நிறுத்தி ஒருமுறையும் தலைகீழாகப் பிடித்து ஒருமுறையும் அளந்து நீக்கவேண்டும். ஈர்ப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 0.5 மீ/வி² அளவுக்குப் பிழை நின்றுவிட்டாலும், 60 மீட்டர் வேகத்தில் அது ஏழு சதவீதம். 30 மீட்டர் வேகத்தில் இழுவையே 1.8 மீ/வி² ஆகிவிடுவதால் அங்கே அதே பிழை கால் பங்கைத் தாண்டிவிடும். மோட்டார் அணைந்தபின் வரும், வேகம் மிகுந்த முதல் இரண்டு விநாடிகளின் தரவையே நம்புங்கள்.

நிறையைப் பற்றியும் ஒரு சொல். மோட்டாரைப் பறத்தலுக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். தாமதக் கலவையும் பாராசூட்டைத் தள்ளும் மருந்தும் மோட்டார் அணைந்த பிறகு எரிபவை. எனவே ஏறுமுகத்தில் உள்ள நிறை, மீட்டெடுத்த வெற்றுக்கூட்டின் நிறையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். குளிர்காலத்தில் எல்லா மோட்டார்களையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருங்கள். ஒன்று உள்சட்டைப் பையிலும் மற்றொன்று பனியிலும் இருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

இவற்றிலிருந்து கெழுவை எடுத்தபின் அதைத் தொடாதீர்கள். வேறு எடையில், வேறு மோட்டாரில், பறத்தலுக்கு முன்பே கணிப்பை ஒற்றை எண்ணாக இல்லாமல் வீச்சாக எழுதி, தேதியிட்டுக் கழகத்தாரிடம் கொடுங்கள். கணத்தாக்கு, கெழு, நிறை, காற்று, கம்பியின் சாய்வு ஆகியவற்றை அவற்றின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் மாற்றி மாற்றி ஆயிரம் முறை ஓட்டினால் அந்த வீச்சு கிடைத்துவிடும். மோன்டே கார்லோ என்று சொல்வது இதைத்தான். தரவுக்குப் பொருத்திய பறத்தல்களை விட்டுவிட்டு, பொருத்தாத பறத்தல்கள் அந்த வீச்சுக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால், இந்த எடைக்கும் இந்த வேகத்துக்கும் மென்பொருள் நம்பத்தக்கது என்று சொல்லலாம். டி மோட்டார் வேகத்தைக் கூட்டும்போது மீண்டும் சோதிக்கவேண்டும்.

---

மறுமொழி | நீலவானம்

கொங்குநாட்டான் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கவேண்டும்: இதுவரை பேசியவை அனைத்தும் காற்றில்லாத நாட்களுக்கு.

ராக்கெட் ஏவுகம்பியை விட்டு விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது, பக்கக்காற்று 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் காற்று ராக்கெட்டைத் தாக்கும் கோணம் 22 டிகிரிக்கும் மேல். பாரோமன் முறை சிறு கோணங்களுக்கு எழுதப்பட்டது; உருளையான உடல் பக்கவிசை தராது என்று அது கொள்கிறது. பெரிய கோணத்தில் நீண்ட உடலும் பக்கவிசை தரும், அது கோணத்தின் சைன் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். பிற்காலத்தில் ராபர்ட் கேலெஜ்ஸ் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக் காட்டினார். உடல் நீளமும் மெலிவும் மிகுந்த ராக்கெட்டுகளில் அழுத்த மையம் இதனால் மூக்கை நோக்கி நகர்ந்து, அமைதியான நாளில் போதுமானதாகத் தெரிந்த நிலைப்புத்தன்மை காற்றடிக்கும் நாளில் குறைந்துவிடும்.

உயரமானிக்கு இது கண்ணில் படாது, பாதை வளைந்ததால் உயரம் குறைந்தது என்று மட்டுமே தெரியும். கோணவேகமானியின் தரவைப் பதிவு செய்து, கம்பியை நீங்கிய முதல் அரை விநாடியில் ராக்கெட் ஊசலாடும் அதிர்வெண்ணை மென்பொருள் தரும் அதிர்வெண்ணுடன் ஒப்பிடுங்கள். அதற்கு நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றலுக்கு ராக்கெட் காட்டும் எதிர்ப்பு, சரியாகத் தெரிந்திருக்கவேண்டும். மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்து, ராக்கெட்டை இரு இணைநூல்களில் கிடையாகத் தொங்கவிட்டு, மெல்லத் திருப்பிவிட்டு அலைவுநேரத்தை அளந்தால் வீட்டு மேசையிலேயே அது கிடைத்துவிடும். காற்றுள்ள நாளில் பறக்கவிடுமுன் இதைச் செய்துவிடுங்கள். அந்த நாளின் காற்றின் வேகத்தையும் திசையையும் ஏவும் கணத்திலேயே குறித்துவைக்க ஒருவரை நிறுத்துங்கள்.